திரைக்குள் உட்கார்ந்து இடம் கொடுத்தவர்கள்

எல்லாம் உங்களால் வந்ததுதான் ஐயா. அக்கம்பக்கம் பார்க்க வேண்டாம், உங்களைத்தான். குளுகுளு அறையில் உட்கார்ந்து, கீழே எந்த மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள் என்று எட்டிக்கூடப் பார்க்காமல், நாலு வரியில் ஒரு உத்தரவைத் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனீர்களே, அந்த நீங்கள்தான். பேர் வேண்டாம். பேர் சொன்னால் என்ன பாடு படவேண்டும் என்று பூங்காவனத்தைக் கேட்டால் தெரியும்.

வெண்டைக்குளம் இசைக் கல்லூரியில் போன வருஷம் ஒரு சின்ன அசம்பாவிதம். இசையியலுக்கும் செவிப்பயிற்சிக்கும் பிள்ளைகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். ஒன்றும் தெரியாதவர்களுக்கு முதல் வகுப்பு, கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இரண்டாவது, காதில் விழுந்த சுரத்தைச் சட்டென்று திருப்பிச் சொல்கிறவர்களுக்கு மூன்றாவது. பிரித்து முடித்துப் பார்த்தால் மூன்றாம் வகுப்பு முழுக்கத் துறைத்தலைவர் வைத்தமாநிதியின் மைத்துனர் வீட்டுப் பிள்ளைகள். வகுப்புப் படம் எடுத்தால் கல்யாண ஆல்பம் மாதிரி இருந்தது. நீங்கள் கோபப்பட்டீர்கள், நியாயம்தான். இந்த வருஷம் உத்தரவு வந்தது:

‘முகத்தைப் பார்க்கக் கூடாது. பெயரைக் கேட்கக் கூடாது. திரை போட்டு, காதில் விழுவதை மட்டும் வைத்து வகுப்பு பிரித்து இடம் கொடுக்கவும். கொடுத்த இடத்தை மாற்றக் கூடாது.’

எழுதியது நல்ல எண்ணத்தில்தான். வாசித்தது யார் என்று யோசித்தீர்களா?

பூங்காவனம் சவரிமுத்து பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவள். கல்யாண வீட்டாரோடு மல்லுக்கட்டிப் பேண்டுக்காரர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு வாங்கித் தருவதும் அவள்தான். அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் கிடையாது. ஒரு தடவை கேட்டால் போதும், எந்தப் பாட்டும் அவள் விரலுக்கு இறங்கிவிடும். மூன்றாம் வகுப்பில் இடம் கிடைத்தால் ஒரே வருஷத்தில் சான்றிதழ், விடுதியில் ஒரு கட்டில். முதல் வகுப்பென்றால் மூன்று வருஷம், கட்டிலும் கிடையாது.

“ஒரு வருஷம் உன் நாற்காலியைக் காலியா வெச்சிருப்பேன் தாயி,” என்று முதலாளி சவரிமுத்து சொல்லியிருந்தார். “அதுக்கு மேல ஒரு முகூர்த்தம் தாண்டினாலும் வேற ஆளு உட்கார்ந்துருவான். அப்புறம் என்னையத் திட்டப்படாது.”

அந்த ஒரு வருஷத்தை நம்பித்தான் தகரப்பெட்டியும் கிளாரினெட்டுமாக வந்து இறங்கினாள்.

உள்ளே கூடத்தில் மூன்று பேர் திரை கட்டிக்கொண்டிருந்தார்கள். வைத்தமாநிதி, இசையியல் வாத்தியார் சோமாஸ்கந்தன், செவிப்பயிற்சி பிரகதாம்பாள் அம்மா. வாசல் பக்கம் திரை கட்டியாயிற்று.

“பிள்ளைகள் ஜன்னல் வழியாக வந்தால்?” என்றார் சோமாஸ்கந்தன்.

“எந்தப் பிள்ளை ஐயா ஜன்னல் வழியாக வரும்?”

“வராது என்று உத்தரவில் இருக்கிறதா தலைவரே?”

இல்லை. அதனால் நாலு பக்கமும் கட்டினார்கள். பிறகு பிரகதாம்பாள் அம்மா அண்ணாந்து பார்த்தார். “மேலே திறந்திருக்கிறதே? உத்தரத்தில் ஏறி எவனாவது எட்டிப் பார்த்தால் அவன் முகம் நமக்குத் தெரிந்துவிடுமே?”

“நல்லவேளை சொன்னீர்கள் அம்மா. மானம் போயிருக்கும்,” என்று வைத்தமாநிதி நாடக மேடையின் சிவப்புத் திரையை இறக்கி மேலேயும் மூடச் செய்தார். ஆக, நட்ட நடுக் கூடத்தில் ஒரு சிவப்புக் கூடாரம். அதற்குள் இருட்டில் மூன்று அறிவாளிகள், ஒரு ஹார்மோனியம், மூன்று பேருடைய வியர்வை. கூடாரத்துக்கு வெளியே, யாருக்கும் இல்லாமல், மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பெயரைக் கேட்கக் கூடாதாகையால் பெயர் சொல்லிக் கூப்பிடவும் முடியாது. “வரலாம்!” என்று பொதுவாக ஒரு குரல் கொடுத்தார்கள். எங்கே வருவது, யார் வருவது என்று தெரியாமல் பிள்ளைகள் நடையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே பிரகதாம்பாள் அம்மா ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். “இதைப் பாடுங்கள்.”

பிள்ளைகள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எண்ணெய் காணாத மின்விசிறி மட்டும், “கிர்ர்ர்ர்ர்” என்றது.

மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக் கேட்டார்கள்.

“என்ன நிதானம்!” என்றார் அம்மா. “நான் கட்டையை மாற்றினேன், அவர் மாறவில்லை. நான் கொடுத்த சுருதி தப்பு என்கிறார்.”

“நாம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டவில்லையே. ஞானஸ்தர்,” என்றார் வைத்தமாநிதி. “மூன்றாம் வகுப்பு!”

நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பூங்காவனத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. மூன்றாம் வகுப்பில் மொத்தமே ஐந்து முக்காலி என்பது ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்து சோமாஸ்கந்தன் இசையியலில் கேள்வி கேட்டார். “தாளத்துக்கு அங்கங்கள் எத்தனை?” வராந்தாக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டொக், டொக் என்று ஆறு சொட்டு விழுந்ததும், “ஆறு! சரியான விடை!” என்று அவர் தொடையில் தட்டினார். ஏழாவது சொட்டு விழுந்ததை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் வகுப்பு!

சாப்பாட்டுக்கூடத்துக் குக்கர் விசில் அடித்தது. “உச்ச ஸ்தாயியில் எவ்வளவு சுத்தம்!” மூன்றாம் வகுப்பு! வேலி தாண்டி வந்த ஆடு ஒன்று படியேறி நின்று “மே..ஏ..ஏ” என்றது. “ஆகா, குரலில் என்ன குழைவு! எந்தக் குருவிடம் கற்றதோ!” என்று பிரகதாம்பாள் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் வகுப்பு!

நடுவில் நிஜமாகவே ஒருவன் உள்ளே போனான். பாட வாயெடுப்பதற்குள் அவன் செருப்பு தரையில் தேய்ந்த சத்தத்தைக் கேட்டு, “கரகரப்பு. முதல் வகுப்பு!” என்று தீர்ப்பு வந்துவிட்டது. கொடுத்த இடத்தை மாற்றக் கூடாதே. அவன் பாடாமலே வெளியே வந்து அழுதான். அதைப் பார்த்த மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைப் பார்க்கப் போனார்கள்.

மிச்சம் ஒரு முக்காலி. பூங்காவனம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். ஆனால் பாருங்கள், வளர்த்த விதம் அப்படி. பெரியவர்களைக் கண்டால் கும்பிடாமல் இருக்க முடியவில்லை.

“வணக்கம் சார், என் பேரு பூங்காவனம்...”

கூடாரத்துக்குள் ஹார்மோனியம் தடாலென்று விழுந்தது.

“ஐயையோ! பெயரைச் சொல்லிவிட்டாள்!”

“நாம் கேட்கவில்லையே தலைவரே?”

“வாயால் கேட்கவில்லை. காதால் கேட்டுவிட்டோமே!”

இது பெரிய சிக்கல். பெயர் தெரிந்தவரைச் சோதித்தால் பாரபட்சம். அதனால் பெயரை மறந்த பிறகுதான் சோதனை என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். மூவரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மறக்க ஆரம்பித்தார்கள்.

“மறந்தாயிற்றா?” என்றார் வைத்தமாநிதி.

“எதை?” என்றார் சோமாஸ்கந்தன்.

“பூங்காவனத்தை.”

“பாவி மனுஷா! சுத்தமாக மறந்திருந்தேன், மறுபடியும் எடுத்துக் கொடுத்துவிட்டீர்களே!”

இப்படி மதியச் சாப்பாட்டு மணி வரைக்கும் மறந்தார்கள். பூங்காவனத்துக்குக் கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்திக்குக் காத்திருந்து பழக்கம். அவள் நகரவில்லை. கடைசியில் மூன்று பேருக்கும் பசியில் எல்லாமே மறந்துபோயிற்று.

பிரகதாம்பாள் அம்மா ஹார்மோனியத்தை நிமிர்த்தி வைத்து, வளைத்து வளைத்து ஒரு சுரப்பிடி வாசித்தார். பூங்காவனம் கிளாரினெட்டை வாயில் வைத்து அதை அப்படியே திருப்பி வாசித்தாள். ஒரு பிசிறில்லை. அம்மா இன்னும் கடினமாக ஒன்று வாசித்தார். அதுவும் அச்சாகத் திரும்பி வந்தது.



“கேட்டீர்களா?” என்றார் சோமாஸ்கந்தன்.

“கேட்டேன். எதிரொலி.”

“நானும் அதேதான் நினைத்தேன். இந்தக் கூடம் முன்னெல்லாம் இப்படி எதிரொலிக்காதே?”

“ஆள் காலியானால் எதிரொலிக்கும். பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள் போலிருக்கிறது.”

பூங்காவனத்துக்குக் காது மடல் சூடேறியது. ‘நான் இருக்கேன்யா’ என்று காட்ட, அடுத்த பிடியில் வேண்டுமென்றே ஒரு சுரத்தைத் தப்பாக வாசித்தாள்.

“ஆ! ஆள் இருக்கிறது!” என்று துள்ளினார் வைத்தமாநிதி. “ஆனால் தப்பு. முதல் வ...”

அவர் வாயை மூடுவதற்குள் அவள் பாய்ந்து அந்தப் பிடியைச் சரியாக வாசித்துத் தொலைத்தாள்.

“அடடா, ஆள் போய்விட்டார். பழையபடி எதிரொலி.”

இப்படி மாட்டிக்கொண்டாள். சரியாக வாசித்தால் அவள் இல்லை. தப்பாக வாசித்தால் முதல் வகுப்பு. வேறொருத்தியாக இருந்தால் கூடாரத்தைப் பிய்த்து எறிந்திருப்பாள். அவளும் திரையில் கை வைத்தாள்தான். கொஞ்சம் விலகியதுமே உள்ளே மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு, “முகம்! முகம்!” என்று அலறினார்கள். கையை எடுத்துவிட்டாள். இனி பேரம்தான்.

“சார்.”

“யாரது?”

“யாருமில்ல சார்.”

“யாருமில்லை என்றால் சரி. என்ன வேண்டும்?”

“அந்த எதிரொலி எப்படி சார் வாசிச்சிச்சு?”

“குறை சொல்ல முடியாது,” என்றார் பிரகதாம்பாள் அம்மா. “நான் வாசித்த மாதிரியே துல்லியமாக இருந்தது.”

“அப்ப அதுக்கே இடத்தைக் குடுத்துருங்க.”

“அதெப்படி? எதிரொலி எங்கள் பிரகதாம்பாள் அம்மா வாசித்ததுதானே. எங்கள் சத்தத்துக்கு நாங்களே இடம் கொடுத்தால், போன வருஷம் மைத்துனர் பிள்ளைகளுக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?”

“உத்தரவுல என்ன சார் இருக்கு? ஆளுக்கு இடம் குடுன்னு இருக்கா, காதுல விழறதை வெச்சு இடம் குடுன்னு இருக்கா?”

உள்ளே முணுமுணுப்பு. “காதில் விழுவதை வைத்து என்றுதான் இருக்கிறது.”

“எதிரொலி காதுல விழுந்துச்சா இல்லியா?”

“விழுந்தது.”

“பின்ன என்ன யோசனை? நாளைக்கு மேலேருந்து வந்து, காதுல விழுந்ததுக்கு ஏன் இடம் குடுக்கலன்னு கேட்டா, நீங்கதான பதில் சொல்லணும்?”

மேலே என்றதும் கூடாரம் நடுங்கியது. உங்கள் பேருக்கு அவ்வளவு மரியாதை ஐயா.

“எதிரொலிக்கு மூன்றாம் வகுப்பு!” என்று வைத்தமாநிதி கத்தினார். ஐந்தாவது முக்காலி பூங்காவனத்துக்கு. சாமர்த்தியக்காரி ஜெயித்துவிட்டாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு விடுதிக்குத் திரும்பினால், அவள் அறையிலிருந்து கட்டிலை வெளியே தூக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்து அலமாரி போயிற்று. பாயைச் சுருட்டினார்கள். அவளுடைய தகரப்பெட்டியையும் நடையில் கொண்டுவந்து வைத்தார்கள்.

“என்ன சார் இது அநியாயம்! மூணாம் வகுப்புக்குக் கட்டில் உண்டுன்னீங்களே!”

வைத்தமாநிதி கண்ணை மூடிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, பரிவோடு சொன்னார்: “உன் நல்லதுக்குத்தான் அம்மா. சாமான் இருந்தால் எதிரொலி எழும்பாது. எதிரொலிக்கு வெறும் அறைதான் ஆரோக்கியம்.” சொல்லிவிட்டுக் கையைத் தட்டினார். அவள் முறைத்துக்கொண்டு நின்றாள். மறுபடி தட்டினார். “எழும்பவில்லையே. ஜன்னல் திரையையும் கழற்றுங்கள்.”

வகுப்பிலோ இன்னும் மோசம். எதிரொலி தானாக வாய் திறக்கக் கூடாது, சந்தேகம் கேட்கக் கூடாது. சோமாஸ்கந்தன், “இது என்ன ராகம்?” என்று கேட்டால் அவளும், “இது என்ன ராகம்?” என்றுதான் கேட்க வேண்டும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ராகத்தின் பெயரைச் சொல்லிவிட்டாள். எதிரொலியின் இடத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருப்பதாக, ஆள்மாறாட்ட வழக்கு போட்டுவிட்டார்கள். விசாரணைக்குழுவில் அதே மூன்று பேர். வகுப்புத் தலைவர் என்ற முறையில் ஆடும் ஒரு உறுப்பினர்.

“நீ எதிரொலியா, இல்லையா?” என்று கேட்டார்கள்.

“நீ எதிரொலியா, இல்லையா?” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

நிரபராதி என்று விட்டுவிட்டார்கள். பதில் சொல்லியிருந்தால் சீட்டு கிழிந்திருக்கும்.

சான்றிதழைப் பற்றி இப்போதே பேச்சு அடிபடுகிறது. எதிரொலிக்குத் தனியாகச் சான்றிதழ் கிடையாதாம். மூலத்துக்குக் கொடுத்தால் தானாகவே எதிரொலிக்கும் போய்ச் சேர்ந்துவிடுமாம். ஆகவே வருஷக் கடைசியில் பிரகதாம்பாள் அம்மாவுக்குச் சான்றிதழ் கொடுக்கப்போகிறார்கள். அந்த அம்மாவும் புதுப்புடவை எடுத்துவிட்டார். அங்கே சவரிமுத்து நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு முகூர்த்த நாட்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகையால் ஐயா, ஆரம்பித்து வைத்தவர் நீங்கள், நீங்களே வந்து முடித்து வையுங்கள். இன்னொரு உத்தரவு மட்டும் அனுப்பாதீர்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறோம். அதையும் வரிக்கு வரி செய்து தொலைப்பார்கள். நேரிலேயே வாருங்கள். அவள் கட்டிலை உள்ளே போடச் சொல்லுங்கள், அவள் பேரில் சான்றிதழ் எழுதச் சொல்லுங்கள். ஆனால் சீக்கிரமாக, அதுவும் சத்தமில்லாமல் வாருங்கள். கூடாரத்தை இன்னும் பிரிக்கவில்லை, முதல் வகுப்பில் இடமும் இருக்கிறது. போன வாரம் இதே விஷயமாக நியாயம் கேட்க உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, வாசலில் நின்று லேசாகக் கனைத்தார். இப்போது முதல் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சரளி வரிசை பாடிக்கொண்டிருக்கிறார். அவரையும் அப்படியே கூட்டிக்கொண்டு போங்கள்.