மலையணில் எடுத்த படம்

ஓடைக்கரையில் யாரோ விட்டுப்போன செல்போன் மலையணிலுக்குக் கிடைத்தது. காட்டில் ஒரு படம் எடுத்தே தீரவேண்டும் என்று அதற்குத் துடிப்பு. ஆனால் சார்ஜ் அடிவரைக்கும் இறங்கியிருந்தது. ஒருதரம் தவறினால் மறுபடி எடுக்க முடியாது.

கதை எளியது. புலி துரத்தும், முயல் ஏமாற்றித் தப்பும். நிஜப் புலியைக் கூப்பிட யாருக்கும் தைரியமில்லை. காட்டுப்பூனைக்குக் கரியால் வரி போடுவதென்று முடிவாயிற்று.

“நடுவுல பூனைக்குப் பசிச்சா என்ன செய்றது அக்கா?” என்று கேட்டது முயல்.

“முதல் பந்தி அவனுக்குத்தான். நீர்நாய் மீன் கொண்டுவரும். அவன் கை கழுவின பிறகுதான் உன் காட்சி,” என்றது அணில்.

“அவன் கை கழுவி நான் பார்த்ததே இல்லையே.”

பாறைமேல் வெயில் விழுந்ததும் வேலை தொடங்கியது. சரியாக இருக்கிறதா என்று அணில் முதலில் பட்டனை ஒருமுறை அமுக்கிப் பார்த்தது. பிறகு “ஆரம்பி” என்று அமுக்கும். “போதும்” என்று அமுக்கும். பூனை உறுமிய உறுமலில் குரங்குகள் கிளையேறின. அணிலுக்கு நெஞ்சு நிறைந்தது.

சாயங்காலம் தலைமேல் தலை வைத்துக் காடே கூடியது. படம் ஓடியது. துரத்தல் இல்லை. உறுமலும் இல்லை.

அணிலுக்கு அப்போதுதான் புரிந்தது. சோதித்துப் பார்த்தபோதே கேமரா ஓடத் தொடங்கிவிட்டது. அதனால் “ஆரம்பி” என்றபோதெல்லாம் நின்று, “போதும்” என்றபோதெல்லாம் ஓடியிருக்கிறது!

“நான் உறுமினது எங்கே?” என்றது பூனை.

“சும்மா இரு. பாரு,” என்றது நீர்நாய்.

திரையில் முயல் ஒரு காலை நீட்டியது. பூனை குனிந்து, தன் கூரிய பல்லால், அதில் தைத்திருந்த முள்ளை மெல்ல எடுத்தது. களைத்த முயல் அங்கேயே சாய்ந்து தூங்கியது. அதன் முகத்தில் வெயில் படாதபடி பூனை நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தது.

“நான் தூங்கினேனா?” என்றது முயல். “இவன் பக்கத்துலயா?”

குட்டிகளை இறுக்கிப் பிடித்திருந்த தாய் முயல்களின் கைகள் தாமாகத் தளர்ந்தன. எடுக்க நினைத்த எதுவும் இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது என்று அணிலுக்குத் தோன்றியது. அப்போது செல்போன் அணைந்தது. கறுத்த திரையைப் பார்த்தபடி காடு அப்படியே உட்கார்ந்திருந்தது.

சேர்ந்து செய்யும் வேலை சில சமயம் கெட்டுப்போகலாம். செய்யும்போது ஒருவர்மேல் ஒருவருக்கு வளரும் நம்பிக்கை வீண்போவதில்லை.