கயிற்றின் மேல்முனை

“கயிறு என் கையில பேச மாட்டேங்குது தம்பி.”

பிரகாசி சொன்னதும், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மறைவிலிருந்து இஞ்ஞாசி எழுந்து வந்தான். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையில் கயிற்றின் மறுமுனை.

“பேசிச்சு. மூணு தடவை சுண்டினேன். நீதான் கேக்கல.”

அவள் புருஷன் எஸ்தாக்கி சங்கு குளிக்கிறவன். இடுப்பில் கயிறு கட்டிக் கடலுக்குள் இறங்குவான். மூச்சு முட்டினால் கீழிருந்து ஒரே ஒரு சுண்டு. மேலே இருப்பவர் அந்தக் கணமே தூக்க வேண்டும். தவறவிட்டால், பிறகு தூக்குவதற்கு உடல்தான் இருக்கும்.

அந்த மேல்முனையை மனைவியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். தன் அக்காள் தாலியை எவன் நழுவ விடுவான்?

இஞ்ஞாசியின் கை முறிந்ததும், “அப்ப நான் பிடிக்கிறேன்” என்று வந்து நின்றாள் பிரகாசி. பொம்பளை வள்ளம் ஏறுவதா என்று ஊர் முணுமுணுத்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை கடல். இன்று சனி.

“கண்ணைக்கூடச் சிமிட்டல தம்பி.”

“மனசுல என்ன வச்சிருந்த?”

“அறுபது வரைக்கும் எண்ணிக்கை. வந்த அலை எத்தனை. நீரோட்டம் எந்தப் பக்கம். பயம் வராம இருக்க மாதா மன்றாட்டு.”

“ஒண்ணும் விட்டுப்போகலியே?”

“ஒண்ணும் விடல.”

“கயிறு ஒண்ணைத் தவிர.”

அவளுக்குச் சுருக்கென்றது. “எண்ணலேன்னா அவர் எவ்வளவு நேரம் தாங்குவார்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“மூச்சு மச்சானோடது. அவருக்குத் தெரியும்.”

“எண்ணலேன்னா பயம் வருதுடா.”

“வரட்டும். வீட்டுக்கு நட. பசிக்குது.”

அடுப்படியில் அவள் மீன் ஆய்ந்தாள். கூடத்துத் தூளியில் பிள்ளை. தூளிக்கயிற்றின் நுனி அவள் கால் பெருவிரலில். பேச்சுக்கு நடுவே கால் தானாக இழுத்தது.

“பிள்ளை அழலியே?”

“புரண்டான்.”

இஞ்ஞாசி சற்று நேரம் அந்த விரலையே பார்த்தான்.

“நூறுலேருந்து மும்மூணாக் குறைச்சுக்கிட்டே வா. தப்பக்கூடாது.”

“இப்ப என்னத்துக்கு?”

“வாத்தியார் சொன்னா செய்யணும்.”

“பெரிய வாத்தியார்! உன் மூக்கைத் துடைச்சு விட்டவ நான்.”

ஆனாலும் தொடங்கினாள். தொண்ணூத்தேழு. தொண்ணூத்திநாலு. தப்பவேயில்லை.

எழுபத்துமூன்றில் பிள்ளை வீறிட்டான்.

கயிறு அதே விரலில்தான் இருந்தது. கால்தான் இழுக்கவில்லை.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். தம்பியைப் பார்த்தாள்.

“குழம்பு எப்ப ஆகும்?” என்றான் அவன்.

திங்கட்கிழமை எஸ்தாக்கி சிலுவை போட்டுக்கொண்டு அவளை ஒருமுறை பார்த்தான். இறங்கினான்.

பயம் வந்தது. பக்கத்தில் உட்காரட்டும் என்று விட்டுவிட்டாள்.

அலை வந்தது. போனது. வள்ளத்தை ஓட்டுகிற தண்டல் பொறுக்க மாட்டாமல் எட்டிப் பார்த்தார்.

“எத்தனை எண்ணியாச்சு தாயி?”

“தெரியாது.”

அவள் கைகள் அதற்குள் இழுக்கத் தொடங்கியிருந்தன.