காற்றுக்கு முதுகு காட்டியவள்

வெகு வெகு காலத்துக்கு முன்னே, மரங்களுக்கும் காது கேட்ட காலத்தில், கருவன நாட்டின் ஓரத்தில் இருள்சோலை என்று ஒரு காடு இருந்தது. அம்மாடி, அது என்ன காடு! நட்டநடுப் பகலில் நுழைந்தாலும் உங்கள் கை உங்களுக்கே தெரியாது.

அந்தக் காட்டோரத்தில் வேடியப்பன் என்ற வேட்டைக்காரன் வாழ்ந்தான். அவன் மனைவி பவளாயி செக்கில் எள் ஆட்டுகிறவள். வேடியப்பனிடம் ஒரு மூங்கில் ஊதல் இருந்தது. புதரில் பதுங்கி அதை ஊதினால், அடிபட்ட முயல் அழுவது போலவே கேட்கும். கீ... கீ... கீ... முயல்தான் என்று நம்பி நரி வரும். வந்த நரி திரும்பிப் போகாது.

வேட்டைக்குப் போகிற நாளில் மட்டும் ஐயா பெண்டாட்டியைக் கிட்டே சேர்க்க மாட்டார்.

"தள்ளி நில்லு புள்ள! உன் எண்ணெய் வாசம் ஊரையே தூக்குது. என்மேல ஒட்டுச்சுன்னா ஒரு நரி வராது."

"என்னைக் கட்டிக்கிட்ட அன்னிக்கு உங்க மூக்கு எங்க போச்சாம் மாமா?"

அவன் சிரித்துக்கொண்டே உடம்பெல்லாம் பச்சிலை தேய்த்துக்கொள்வான். "காத்து நம்ம மூஞ்சியில அடிக்கணும் புள்ள. முதுகுல அடிச்சா, நரி நம்மள மோந்துட்டு ஓடிரும்" என்று பெருமையடிப்பான்.

அப்படிப் போனவன் ஒருநாள் திரும்பி வரவில்லை.

விடிந்ததும் பவளாயி காட்டுக்குள் ஓடினாள். ஒரு பெரிய ஆலமரத்தடியில் அவனுடைய ஊதல் மட்டும் கிடந்தது. அதை எடுத்தாள். உடனே மேலிருந்து தொங்கிய விழுதுகள் எல்லாம் அசைந்தன. அவை விழுதுகள் அல்ல, சடைகள்! அவள் மரம் என்று நினைத்தது காட்டைக் காக்கும் மந்திரவாதி சடைமாயன். அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் தலை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

"உன் புருஷன் பொய் அழுகை அழுது என் பிள்ளைகளைக் கொன்றான். அதனால் அவனையும் நரியாக்கிவிட்டேன். இனி அவனும் பொய் அழுகைக்கு ஓடிவந்து ஏமாறட்டும்!"

பவளாயி கைகூப்பினாள். "அவரு செஞ்சது தப்புத்தான் சாமி. நான் இல்லேங்கல. ஆனா அவரத் திருப்பிக் குடுத்துருங்க."

சடைமாயன் யோசித்தான். "மூன்று முறை ஊது. வருகிற நரிகளில் உன் புருஷனைத் தொட்டால் அவன் மனிதனாவான். வேறு நரியைத் தொட்டால் நீயும் நரியாவாய். மூன்று முறையும் தவறவிட்டால் அவன் என்றைக்கும் நரிதான்."

பாவம், பவளாயி அதுவரை ஊதலைத் தொட்டதுகூட இல்லை. மூச்சை இழுத்து, பலங்கொண்ட மட்டும் ஊதினாள். அடர்ந்த காட்டில் நரி பக்கத்துப் புதரிலேயே படுத்திருக்கும். அதன் காதுக்குள் இப்படிக் கத்தினால் வருமா? ஒன்றும் வரவில்லை. சடைமாயன் சிரித்த சிரிப்பில் இலைகள் கொட்டின.

இரண்டாம் முறை மெதுவாக ஊதினாள். கீ... கீ... கீ... மூங்கில் புதர் விலகியது. ஒரு நரி வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு பத்து, இருபது! சருகுமேல் நடந்தும் ஒரு சத்தம் இல்லை. எங்கே பார்த்தாலும் பொன்னாக மின்னும் கண்கள். இவ்வளவு அழகையா இந்த மனுஷன் அம்பால் அடித்தான் என்று அவளுக்கு அழுகையே வந்தது. ஆனால் எல்லாம் ஒரே நிறம், ஒரே முகம், ஒரே வால். இதில் மாமா எது? ஆவல் தாங்காமல் எழுந்தாள். வளையல் குலுங்கியது. கண்ணிமைக்கும் நேரத்தில் காடு காலி.

இன்னும் ஒரே ஒரு முறைதான்.

வளையல்களைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டாள். புதர் மறைவில் உட்கார்ந்தாள். மூங்கில் பக்கமிருந்து காற்று அவள் முகத்தில் அடித்தது. வேடியப்பன் சொன்ன மாதிரியான இடம்தான், குறையே இல்லை. ஆனால் இங்கிருந்து ஊதினால் மறுபடியும் எல்லா நரிகளும் வரும், மறுபடியும் எல்லாம் ஒன்றுபோலவே நிற்கும்.

பவளாயி எழுந்தாள். மூங்கில் புதரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். எண்ணெய்ப் பிசுக்கேறிய முந்தானையைக் காற்றில் விரித்துப் பிடித்தாள்.

"பைத்தியக்காரி!" என்றான் சடைமாயன். "முதன்முதலாக வேட்டைக்கு வருகிறவன் செய்கிற தவறு அது! ஒன்றுகூட நிற்காது!"

"ஒண்ணே ஒண்ணு நின்னா போதும் சாமி."

ஊதினாள். கீ... கீ... கீ... நரிகள் வந்தன. காற்று அவளைத் தொட்டுவிட்டு அவற்றிடம் போனது. முதல் நரியின் மூக்கு துடித்தது. மனித வாசம்! திரும்பிப் பாய்ந்தது. அதன் பின்னால் மற்றதும், அதன் பின்னால் மற்றதும், எல்லாம் ஓடின.

ஒன்று மட்டும் நின்றது.

கால்கள் வெடவெடவென்று நடுங்கின. வால் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. ஓர் அடி பின்னால் போனது. பிறகு மூக்கைத் தூக்கிக் காற்றை நன்றாக இழுத்தது. ஓர் அடி முன்னால் வந்தது. இன்னோர் அடி. இன்னோர் அடி. சடைமாயன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான். அத்தனை யுகம் அந்தக் காட்டைக் காத்தவன், மனித வாசம் தெரிந்தும் மனிதனை நோக்கி நடந்துவரும் நரியை அன்றுதான் கண்டான்.

அது வந்து அவள் உள்ளங்கையில் மூக்கை வைத்தது. அவள் அதன் தலையைத் தொட்டாள். ரோமம் உதிர்ந்தது, வால் உதிர்ந்தது, வேடியப்பன் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தான்.

"எல்லா நரியும் ஓடுச்சு புள்ள. என் காலும் ஓடத்தான் பாத்துச்சு. ஆனா வீட்டு வாசமில்ல அடிச்சுது! அத விட்டுட்டு எங்க ஓடுறது?"

அவன் அந்த ஊதலைத் தன் கையாலேயே ஒடித்துப் போட்டான். சடைமாயன் மனம் குளிர்ந்து, அவர்களுடைய எள்ளுக்காடு என்றும் வாடாதிருக்க வரம் கொடுத்தான். அந்த ஊர் ஆட்டுக்குட்டிகளை நரிகள் அதன்பிறகு தொட்டதே இல்லை.

வேடியப்பன் வில்லை எறிந்துவிட்டுச் செக்குக்கு வந்தான். கொஞ்ச நாளில் அவன்மேலும் அதே வாசம். பவளாயியும் அவனும் நூறாண்டு வாழ்ந்தார்கள். ஆயிரம் சண்டை போட்டார்கள். ஆனால் "தள்ளி நில்லு" என்று மட்டும் அவன் அவளிடம் மறுபடி சொன்னதே இல்லை.