ஜெனோவா டீச்சர் திருத்திய சொல்

ஜெனோவா டீச்சருக்குப் பிரகாசியின் மகள் வயதுதான். துபாயில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனால் நாலு பேரிடம் பேச வேண்டுமே என்று, கோயில் மண்டபத்தில் அவர் நடத்திய ஆங்கில வகுப்பில் பிரகாசி சேர்ந்தாள்.

வினைச்சொற்கள் அவளைப் பாடாய்ப் படுத்தின. இருக்கிறார் என்றால் 'இஸ்', இருந்தார் என்றால் 'வாஸ்'. அவர் நீந்துவார் என்று சொல்ல வாலில் ஒரு 'ஸ்' வேறு. அந்த 'ஸ்'ஸை அவள் விழுங்கிவிடுவாள். டீச்சர் முகம் சுளித்ததே இல்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்வார், அவ்வளவுதான். இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து இவ்வளவு பொறுமை என்று பிரகாசி அசந்துபோவாள்.

அந்த ஐப்பசிப் புயலில் அவள் கணவர் சேசடிமையின் படகு கரை திரும்பவில்லை. கடைசியாக அது தென்பட்டது வேறொரு நாட்டின் கடல் எல்லையில். அந்நாட்டுக் கடலோரக் காவல் அதிகாரி வீடியோவில் விவரம் கேட்பதாகச் சொன்னார்கள். கோயில் மண்டபத்தில் அதற்கு ஏற்பாடானது. மொழிபெயர்க்க டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதிகாரி தணிந்த குரலில் தொடங்கினார்.

"வாட் வாஸ் ஹிஸ் நேம்?"

டீச்சர் அதை மொழிபெயர்க்கவில்லை.

"வாட் இஸ் ஹிஸ் நேம், சார்" என்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டார். பிறகு டீச்சர் சொன்ன மாதிரியே மறுபடி கேட்டார்.

பெயர், வயது, படகின் நிறம் எல்லாம் டீச்சர் வழியாகப் போயின. நீந்தத் தெரியுமா என்று கேட்டபோது மட்டும் பிரகாசி டீச்சரின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஹி ஸ்விம்ஸ்" என்றாள். கடைசி எழுத்துவரை தெளிவாக விழுந்தது.

தெற்கே இன்னும் கொஞ்ச தூரம் கப்பலை அனுப்பிப் பார்ப்பதாகச் சொல்லி அதிகாரி விடைபெற்றார்.

வெளியே வந்த பிறகும் பிரகாசிக்குப் பிரமிப்பு அடங்கவில்லை.

"அவ்வளவு பெரிய அதிகாரி. அவர் இங்கிலீஷ்லயும் தப்பு வருமா டீச்சர்?"

"அவர் கேட்டது தப்பில்லக்கா. இலக்கணப்படி அதுவும் சரிதான்."

"பின்ன எதுக்குத் திருத்துனீங்க?"

டீச்சர் கடல் பக்கம் திரும்பினார்.

"'வாஸ்'னு கேட்டா உடலைத் தேடுவாங்கக்கா. 'இஸ்'னு கேட்டாத்தான் ஆளைத் தேடுவாங்க."