சேஷகிரி இறக்கிய சுருதி

"மேடம், நான் தப்பா வாசிச்சா உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் சேஷகிரி.

"வாசிச்சுப் பாருங்க" என்றார் எஸ்தர்.

சேஷகிரிக்கு அறுபத்தொரு வயது. குரு எஸ்தருக்கு நாற்பத்து நான்கு. இப்படித் தலைகீழாக ஒரு குருவைத் தேடிப் பிடித்ததற்கு அவர் வீட்டில் கேலி இன்னும் ஓயவில்லை.

முப்பத்திரண்டு வருஷம் சினிமாப் பாட்டுக்கு வயலின் வாசித்தவர் அவர். காதில் ஹெட்ஃபோன், அதற்குள் டிக் டிக் என்று தாளம், எதிரே நொட்டேஷன் தாள். பக்கத்து நாற்காலிக்காரர் வாசிப்பதை ஒருநாளும் காதுகொடுத்துக் கேட்டதில்லை. கேட்கவேண்டிய அவசியமும் வந்ததில்லை. ஸ்டுடியோவில் அவருக்குச் 'சுருதிப்பெட்டி' என்றே பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

எஸ்தரின் கதை வேறு. பாளையங்கோட்டையில் சர்ச் ஆர்கன்களைப் பழுதுபார்த்தவரின் மகள். ஜெர்மனியில் படித்துவிட்டு வந்து சென்னையில் தன் முதல் கச்சேரியை வைத்தபோது, ஒரே ஸ்வரத்தை இருபது நிமிஷம் நீட்டினார். பாதிப் பேர் எழுந்து கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். இரண்டாவது கச்சேரியில் மூன்று தையல் மிஷின்களை மேடையேற்றினார். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. மூன்றாவதற்கு இடம் கொடுக்க ஆளில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் மறுபடி ஒரு மேடை கிடைத்திருக்கிறது.

அந்த முதல் கச்சேரியின் பதிவை யாரோ போனில் அனுப்பி வைக்க, சேஷகிரி ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார். இருபது நிமிஷமும் அழுதார். ஏன் அழுதோம் என்று அவருக்கே விளங்கவில்லை. மறுவாரம் ஸ்டுடியோவில் "இனிமே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ராயப்பேட்டையில் ஒரு பழைய அச்சகத்தின் மாடியில் ஒத்திகை நடத்திவந்த எஸ்தரிடம் போய்ச் சேர்ந்தார்.

சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சந்தேகம் வந்து ஏழு மாதம் ஆகிறது.

எஸ்தர் கொடுக்கும் தாளில் பாதி இடம் வெறுமையாக இருக்கும். மீதியில் 'மழை விட்ட பிறகு ஓட்டில் சொட்டுவதுபோல்' என்று எழுதியிருக்கும். வாசித்தால் "நல்லாருக்கு" என்பார். வேறு மாதிரி வாசித்தாலும் "நல்லாருக்கு"தான்.

ஒத்திகையில் சுருதிப்பெட்டி கூடாது. போனில் சுருதி காட்டும் டியூனர் கூடாது. "ஒருத்தரையொருத்தர் கேட்டுச் சேத்துக்குங்க" என்பது மட்டும்தான் சட்டம்.

தராசை ஒளித்துவைக்கிற கடைக்காரனை யார் நம்புவார்?

இந்த அம்மாள் போலி என்றால், அந்த மத்தியானம் அழுததும் போலி. அதைத்தான் சேஷகிரியால் தாங்க முடியவில்லை.

வாசித்துப் பார்க்கச் சொன்னாரல்லவா? பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. அதற்கு ஆறு நாள் முன்பு, திங்கட்கிழமை காலை, அச்சக மாடிப்படியில் நின்று, சட்டைப் பையில் ஒளித்து வைத்திருந்த சுருதிக் குழலை ஊதினார். நான்கு கம்பிகளையும் அதற்குச் சரியாகச் சேர்த்தார். பிறகு நான்கையும் மயிரிழை இறக்கினார்.

உள்ளே வாத்தியக்காரர்கள் அவரோடு சேர்த்து ஐந்து பேர். வயதில் மூத்தவர் என்பதால் முதல் ஸ்வரத்தை அவர்தான் இழுப்பார். இழுத்தார். மற்ற நால்வரும் வழக்கம்போல் கொஞ்ச நேரம் பிரடைகளைத் திருகிக் கம்பிகளைச் சரிசெய்தார்கள்.

எஸ்தர் எதிரே நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சேஷகிரி அந்த முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புருவம் சுருங்குகிறதா? உதடு கோணுகிறதா?

ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை இன்னும் மயிரிழை இறக்கினார். அன்றும் ஒன்றுமில்லை.

புதன்கிழமை கேட்டே விட்டார். "எப்படி இருந்துது மேடம்?"

"நல்லாருக்கு சார்."

"நேத்தைவிடவா?"

"நேத்தைவிடவும்தான்."

மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தார் சேஷகிரி. மனசுக்குள் மரியாதை 'ள்'ளுக்கு இறங்கியிருந்தது.

வியாழக்கிழமை, டீக்கடையில் செல்லோ வாசிக்கும் ரூபனை ஓரம்கட்டினார்.

"ஏம்ப்பா, இந்தம்மாவுக்கு நிஜமாவே காது கேக்குமா?"

ரூபன் டீயை ஊதிக்கொண்டே சிரித்தார். "நம்ம எல்லாருக்கும் கேக்கறதைவிட நல்லாவே கேக்கும் சார்."

சரிதான், இவனும் கூட்டுக் களவாணி.

சனிக்கிழமைக்குள் அவருடைய வயலின் ஏறக்குறைய அரை ஸ்வரம் இறங்கியிருந்தது. நியாயப்படி ஒத்திகை நாராசமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இனிமையாக இருந்தது. முந்தைய வாரங்களைவிட இனிமையாகவே இருந்தது. சேஷகிரி அந்த இனிமையையும் சந்தேகப்பட்டார். தப்பும் சரியும் ஒன்றுபோல் கேட்கிற இசையில் எல்லாமே இனிக்கத்தானே செய்யும்?

எஸ்தரின் முகத்தை மறுபடி பார்த்தார். மூடிய கண். அசையாத புருவம்.

கச்சேரி முடிந்ததும் மைக்கைப் பிடித்து, ஆறு நாள் நடந்ததை ஊரறியச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். அதோடு அந்த அம்மாளுக்கு இன்னொரு மேடை கிடைக்காது. கிடைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் அதே இறங்கிய ஸ்வரத்தை இழுத்துக் காட்டினார். நால்வரும் தங்கள் கம்பிகளை அதற்குச் சேர்த்துக்கொண்டு மேடைக்குப் போனார்கள்.

சேஷகிரி திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். முன்வரிசையில் எஸ்தர். அவருக்குப் பக்கத்திலேயே சேஷகிரியின் பழைய ஸ்டுடியோ நண்பர்கள், கையைக் கட்டிக்கொண்டு. பொல்லாத காதுக்காரர்கள்.

இவர்கள் முன்னால் சுருதி இறங்கி வாசிப்பதா? நாளைக்குச் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். அவளை மாட்டிவைக்க ஆறு நாள் சாட்சி போதும், மானத்தையும் சேர்த்து எதற்கு விட வேண்டும்?

குழலை ஊதி நான்கு கம்பிகளையும் பழையபடி ஏற்றினார். சுத்தமான சுருதி. தலையை நிமிர்த்திக்கொண்டு மேடைக்குப் போய் உட்கார்ந்தார்.

ஐந்து வில்லும் ஒன்றாகக் கம்பியில் இறங்கின.

பல் கூசியது.

முன்வரிசையில் ஒரு நண்பர் காதைப் பொத்திக்கொண்டார். சேஷகிரி வில்லை எடுத்துவிட்டார். அவர் எடுத்ததும் மீதி நாலு பேரின் ஒலி தனியாகக் கேட்டது. அது கொஞ்சமும் உறுத்தவில்லை. பிறகு அவர்களும் நிறுத்தினார்கள்.

எஸ்தர் எழுந்து மேடைக்கு வந்தார்.

"என்ன ஆச்சு சார்?"

"நான் சரியாத்தான் இருக்கேன் மேடம்." சேஷகிரி குழலை எடுத்து ஊதிக் காட்டினார். கம்பியையும் மீட்டிக் காட்டினார். இரண்டும் இம்மி பிசகவில்லை. "பாருங்க. இவங்க நாலு பேருந்தான் இறங்கியிருக்காங்க."

"ஆமா, இறங்கியிருக்காங்க" என்றார் எஸ்தர். "எப்பலேர்ந்து?"

சேஷகிரி குழலை இறக்கினார். ரூபனைத் திரும்பிப் பார்த்தார்.

ரூபன் சங்கடத்தோடு குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமையிலேர்ந்து சார். நீங்க தினமும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கினீங்க. நாங்களும் கூடவே இறங்கினோம். முதல் நாளே மேடம் சொல்லிட்டாங்க, சார் எங்க போறாரோ அங்க போங்கன்னு."

சேஷகிரியின் காதுமடல் சுட்டது. அப்படியானால் முதல் நாளே கேட்டிருக்கிறது. அந்த மத்தியானம் அழுதது வீணில்லை. அவமானமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்தன. எது எது என்று பிரிக்க முடியவில்லை.

"அப்போ எனக்கு ஏன் மேடம் கேக்கலை?"

எஸ்தர் மேடையிலிருந்து இறங்கினார். முன்வரிசையில் தன் நாற்காலியைத் தாண்டிப் போனார். அரங்கத்தின் நீளம் முழுக்க நடந்து, கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

சேஷகிரி வழக்கம்போல் அந்த முகத்தைத் தேடினார். தூண்தான் தெரிந்தது.

ரூபன் வில்லை எடுத்து அந்த முதல் ஸ்வரத்தை மெல்ல இழுத்தார்.

சேஷகிரி குழலைப் பைக்குள் போட்டார். தலையை ரூபன் பக்கம் சாய்த்துக்கொண்டு, பிரடையைத் திருகத் தொடங்கினார்.