அக்கரை வரை எட்டும் விளக்கு

நீலாயி அம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தபோது சபாநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

கோயம்புத்தூரில் விளக்குகள் செய்யும் கம்பெனி ஒன்றில், பரிசோதனைப் பிரிவில், வாழ்நாளின் பாதியைக் கழித்தவர் சபாநாயகம். மனைவி இறந்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காவிரிக் கரையில், மலைகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு ஒரு பையோடு வந்தார். திரும்பிப் போகவில்லை.

அம்மை அவருக்கு உபதேசம் என்று எதுவும் செய்யவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னார். வாசல் பெருக்கச் சொன்னார். வருகிறவர்களுக்குச் சோறு போடச் சொன்னார். அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். ஆனாலும் தன் கைக்கு ஏற்ற வேலை ஒன்று வரவில்லையே என்ற குறை உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில் அப்படி ஒரு வேலை வந்தது.

மழைக்காலத்தில் மேலே அணையைத் திறந்தால் இரண்டு கரையிலும் இருப்பவர்களை எச்சரிக்க வேண்டும். அதற்கு நல்ல டார்ச் லைட் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சேலத்திலிருந்து வந்த அன்பர் ஒருவர் மாதிரிக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். இது சரியாக இருந்தால் இரண்டு கரைக்கும் வேண்டிய மட்டும் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

அம்மை அதைச் சபாநாயகத்தின் கையில் வைத்தார்.

"பாத்துச் சொல்லுங்க."

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான் இருந்தது. சபாநாயகம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார், மூடியின் மரைகளை நகத்தால் தடவினார். அன்று அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்துவிட்டார்.

அடுத்த சில நாட்கள் அவர் வேறு ஆளாக இருந்தார். விளக்கை வாளித் தண்ணீரில் போட்டு வைத்தார். இடுப்பு உயரத்திலிருந்து கல் தரையில் விழவிட்டார். சார்ஜ் தீரும்வரை எரியவிட்டு, சமையல்கட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையல் செய்கிற பொன்னுருவி, இதென்ன சாமி குழந்தை மாதிரி என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். எல்லாவற்றிலும் விளக்கு தேறியது.

இனி எட்டும் தூரம் ஒன்றுதான் பாக்கி.

அதற்கு இருட்ட வேண்டும், ஆள் நடமாட்டமும் இருக்கக் கூடாது. ஒரு நாள் காலையில் அம்மை பரிசலில் அக்கரைக்குப் போனார். அங்கே ஒரு பெண் நோயில் படுத்திருந்தாள். அநேகமாக நாளைக்குத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பகலெல்லாம் தூறிக்கொண்டிருந்த மழை சாயங்காலம் சற்று ஓய்ந்தது. வெளிச்சம் மங்கியதும் சபாநாயகம் ஆற்றங்கரைப் பாறை மேல் போய் நின்றார்.

ஆறு அங்கே அகலம். அக்கரையில் கறுப்பண்ணன் கோயிலின் வெள்ளைச் சுவர் பகலிலேயே ஒரு பொட்டுப் போலத்தான் தெரியும். அவர் விளக்கை அந்தப் பக்கம் நீட்டிப் பட்டனை அழுத்தினார்.

கோடு இழுத்தது போல வெளிச்சம் ஆற்றைத் தாண்டிப் போனது. சுவர் தெரிந்தது. சுவரில் சாய்த்து வைத்திருந்த வேல்கூடத் தெரிந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை சின்ன விளக்கு இவ்வளவு தூரம் எட்டி அவர் பார்த்ததில்லை.

வெளிச்சத்தை மெல்லக் கீழே இறக்கினார். நடு ஆற்றில் ஒரு பரிசல் வந்துகொண்டிருந்தது.

துடுப்புப் போடும் ஆள் ஒருவன். எதிரே இன்னொரு ஆள், ஈரத்துக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த முகம் நேராக வெளிச்சத்துக்குள் வந்தது. சபாநாயகம் உற்றுப் பார்த்தார். மூக்கு, கன்னம், நெற்றியில் பூசிய விபூதி. விபூதியின் கோடுகள் வரை பிரிந்து தெரிந்தன. இதைவிடத் துல்லியம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டார்.

பட்டனை அழுத்திப் பிடித்தால் விளக்கு உச்ச வெளிச்சத்துக்குப் போகும். சின்ன விளக்குகள் அதை ரொம்ப நேரம் தாங்காது. சூடேறி, தானாகத் தணிந்துவிடும். எத்தனை நேரம் தாங்குகிறது என்று பார்க்க ஒரு அடையாளம் வேண்டும். அந்த முகத்தையே அடையாளமாக வைத்துக்கொண்டு அவர் பட்டனை அழுத்திப் பிடித்தார். மனதுக்குள் எண்ணத் தொடங்கினார்.

பரிசலில் இருந்த இருவரும் கையால் கண்ணை மறைத்தார்கள். இத்தனை தூரத்திலும் கண் கூசுகிறதே என்று அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. துடுப்புக்காரன் என்னவோ கத்தினான். காற்றில் வார்த்தை பிரியவில்லை. விளக்கைப் பார்த்து வியக்கிறான் என்று நினைத்து அவர் மற்றக் கையைத் தூக்கி ஆட்டினார்.

கை சுட்டது. விளக்கு தணிந்தது. எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் தாங்கியிருந்தது. அவர் திருப்தியோடு வெளிச்சத்தை மறுபடி கோயில் சுவருக்குத் தூக்கினார்.

அப்போது ஆற்றில் ஒரு சத்தம் கேட்டது. மூங்கில் பாறையில் மோதி முறிகிற சத்தம்.

அவர் வெளிச்சத்தை இறக்கினார். பரிசல் இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. இன்னும் சற்றுக் கீழே கொண்டுபோனார். தார் பூசிய வட்டமான ஒரு அடிப்பாகம், கவிழ்ந்த சட்டி மாதிரி, சுழன்றபடி போய்க்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை.

சபாநாயகம் கத்த நினைத்தார், காற்றுதான் வந்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு குரல் கிளம்பியது. அது தன் குரல்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. சற்றுத் தள்ளித் துறையில் வலை மடித்துக்கொண்டிருந்த மீன்காரர்கள் நிமிர்ந்தார்கள். அவர் காட்டிய திசையைப் பார்த்து இரண்டு பரிசல்களைத் தண்ணீரில் தள்ளினார்கள்.

அவர் விளக்கால் ஆற்றைத் துழாவினார். நுரை வந்தது, மரக்கிளை வந்தது, ஒரு செருப்பு வந்தது. பிறகு ஒரு தலை. துடுப்புக்காரன் ஒரு கையால் கவிழ்ந்த பரிசலின் விளிம்பைப் பிடித்திருந்தான். அவன் தோளைப் பற்றிக்கொண்டு இன்னொரு தலை நீருக்கு மேலே வந்தது. துண்டு போயிருந்தது. முடி முகத்தில் ஒட்டியிருந்தது. அந்த முகம் வெளிச்சத்தின் பக்கம் திரும்பியது.

அது நீலாயி அம்மை.

சற்று முன் அவர் விபூதிக் கோடு வரை பார்த்த அதே முகம்.

அவர் பாறையில் முட்டி போட்டு விழுந்தார். கை மட்டும் அசையவில்லை. வெளிச்சம் கண்ணில் படாமல், அவர்களுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் தண்ணீரில் விழும்படி பிடித்துக்கொண்டார். மீன்காரர்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்தே போய்ச் சேர்ந்தார்கள். இருவரையும் தூக்கிப் போட்டுக்கொண்டு கரை திரும்பினார்கள்.

அவர்கள் கரைக்கு வந்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, வெறும் தண்ணீர் மேல். பொன்னுருவி ஓடி வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கினாள். உள்ளங்கை சிவந்து கொப்பளித்திருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

துடுப்புப் போட்டவன் பெயர் மாதையன். பாறையில் அடித்து அவனுக்கு வலது தோள் இறங்கிவிட்டது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நோயாளிப் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டதால் அம்மை அன்றே கிளம்பிவிட்டதாகப் போகும்போது அவன் சொன்னான். எவன் லைட் அடித்தது என்றும் கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை.

அம்மைக்கு மூச்சில் தண்ணீர் ஏறிக் காய்ச்சல் கண்டது. சபாநாயகம் அவர் அறை வாசலில் உட்கார்ந்தார். உள்ளே போகவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடினால் வெளிச்சத்துக்குள் அந்த முகம் வந்தது. அவர் அதைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தார். யாருடைய முகம் என்று அப்போது ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே என்பதை அவரால் நம்ப முடியவில்லை. இரண்டு வருஷம் தினமும் பார்த்த முகம்.

மூன்றாம் நாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். மாதையன் கட்டுப் போட்ட தோளோடு படுத்திருந்தான். அவர் கட்டில் பக்கத்தில் நின்று, லைட் அடித்தது நான்தான் என்று சொன்னார்.

அம்மை எப்படி இருக்கிறார் என்று மாதையன் கேட்டான். காய்ச்சல் குறைந்திருக்கிறது என்று அவர் சொன்னார்.

"அணைங்க, அணைங்கன்னு கத்துனனே சாமி. காதுல விழலையா?"

"சத்தம் விழுந்துது. வார்த்தை புரியல."

"அப்பறம்?"

கை ஆட்டியதை அவர் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. மாதையன் அவரையே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இப்படியும் ஒரு ஆள் இருக்க முடியுமா என்று திகைத்துப் போன பார்வை. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாளும் அவர் போனார். கஞ்சி கொண்டுபோனார். மாதையன் தொடவில்லை. அதற்கு அடுத்த நாள், இடது கையால் கஞ்சித் தூக்கைத் திறக்க முடியாமல் அவன் திணறியபோது அவர் திறந்து கொடுத்தார். ஸ்பூனால் ஊட்டினார். அவன் வாயைத் திறந்தான். அவன் எழுந்து நடமாடி, புதுப் பரிசல் கட்டி முடிக்கும்வரை அவன் வீட்டுக்குத் தண்ணீரும் விறகும் சபாநாயகம்தான் கொண்டுபோய்ப் போட்டார்.

இதற்கு நடுவே ஒரு நாள் அம்மை எழுந்து வந்து வெயிலில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. சபாநாயகம் சற்றுத் தள்ளி, தலை குனிந்து நின்றார்.

நாளைக்குச் சேலத்துக்காரர் வருகிறார் என்று அம்மை சொன்னார். பிறகு கேட்டார்:

"விளக்கு வாங்கலாமா வேண்டாமா? என்ன சொல்லட்டும்?"

சபாநாயகம் நிமிர்ந்தார். அம்மை இதைத்தான் முதலில் கேட்பார் என்று அவர் நினைக்கவில்லை. திட்டுவார், இல்லை போகச் சொல்லுவார் என்றுதான் நினைத்திருந்தார். பையைக்கூட எடுத்து வைத்திருந்தார்.

"வேண்டாம் அம்மை. அதை ஆத்துல போட்டுடறேன்."

"ஏன்? என்ன குறை அதுல?"

அவர் யோசித்தார். ஒரு குறையாவது சொல்லிவிட வேண்டும் என்று மனம் தவித்தது. ஆனால் இல்லாத குறையைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"குறை ஒண்ணும் இல்ல."

"எவ்வளவு தூரம் எட்டுது?"

"அக்கரைச் சுவர் வரைக்கும்."

"நாங்க இருந்த எடத்துக்கு?"

"நல்லாவே எட்டுது."

"என் முகம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. விபூதிகூடத் தெரிஞ்சுது."

"நான்னு தெரிஞ்சுதா?"

"தெரியல அம்மை."

"கவுந்த அப்பறம்?"

"தெரிஞ்சுது."

"ரெண்டு தடவையும் ஒரே விளக்கா?"

"ஒரே விளக்குதான்."

அம்மை கொஞ்ச நேரம் இருமினார். பொன்னுருவி கொண்டுவந்த வெந்நீரை வாங்கிக் குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"அப்ப வாங்கச் சொல்லிடுங்க. விளக்கு ரெண்டு தடவையும் என்கிட்ட வந்துது. நீங்கதான் மொதல் தடவை வரல."