மருதி ஏங்கிய பிடி

காட்டாற்றங்கரை மருத மரங்களில் ஒரு குரங்குக் கூட்டம் வாழ்ந்து வந்தது. அக்கூட்டத்தில் மருதி என்னும் மந்திக்குத் தலைப்பிள்ளை பிறந்தான். அவனுக்குக் கொழுந்து என்று பெயரிட்டாள்.

குரங்குக் குட்டி பிறந்தவுடனே தாயின் வயிற்று மயிரைப் பற்றிக்கொள்ளும். அதன்பின் தாய்க்குக் கவலையில்லை. இரு கைகளையும் வீசித் தாவலாம். கொழுந்தின் விரல்களோ மடங்கவே இல்லை. பால் குடித்தான், கண் மலர்ந்து பார்த்தான், பற்ற மட்டும் அவனால் இயலவில்லை.

ஒரு கையால் அவனை அணைத்து, மறு கையால் கிளை பிடித்து, மருதி மெல்ல நகர்வாள். மற்ற மந்திகள் காற்றாய்ப் பறக்கும்போது குனிந்து தன் வயிற்றைப் பார்ப்பாள். அந்த மயிரைப் பத்து விரல்கள் சுண்டி இழுத்தால் எப்படி வலிக்கும்? அந்த வலிக்காக அவள் நான்கு மாதம் ஏங்கினாள்.

அக்கரையில் அத்தி பழுத்தது. ஆற்றின் மேல் நீண்ட கிளையிலிருந்து தாவித்தான் கூட்டம் அக்கரை சேரும். ஒற்றைக் கையால் அந்தத் தாவலைத் தாவ இயலாது.

"அண்ணி, இன்னுமா சுமக்கிறாய்?" என்றாள் நாத்தனார் கோங்கி. அவளுடைய குட்டி வயிற்றில் அட்டையாய் ஒட்டியிருந்தது. "நீ பிடித்திருக்கும்வரை அவன் ஏன் பிடிப்பான்? சோம்பேறிப் பயல்! ஆற்றின் நடுவே கையை விட்டுப் பார். தானே பிடிப்பான்!"

"விழுந்துவிட்டால்?"

"குரங்காய்ப் பிறந்தவன் விழுவானா!"

ஏக்கம் அறிவை மறைத்தது. மருதி தாவினாள். நடு ஆற்றில் கையை எடுத்தாள். அக்கரைக் கிளை இரு கைகளிலும் அகப்பட்டது. வயிறு வெறுமையாய் இருந்தது.

"கொழுந்து!" என்று அலறியபடி நீரில் குதித்தாள். இக்கரை நாணலில் சிக்கிக் கிடந்தவனை வாரியெடுத்துக் கரையேறினாள். அவன் இருமினான், நீரைக் கக்கினான், ஈர முகத்தை அவள் கழுத்தில் புதைத்தான்.

"நீ விழவில்லையடா! நான்தான் விட்டேன்!" என்று மருதி அழுதாள்.

அவ்வழியே ஒரு காட்டுப்பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு விரைந்தது.

"பூனையக்கா! உன் குட்டி உன்னைப் பிடித்துக்கொள்ளாதா?"

பதில் சொல்ல வாய் வேண்டுமே! பூனை சலிப்போடு குட்டியை மணலில் இறக்கியது. "அது எதற்குப் பிடிக்க வேண்டும்? எனக்குத்தான் பல் இருக்கிறதே!"

"பிடிக்கவில்லையே என்று உனக்கு வருத்தமில்லையா?"

"வருத்தமா? புதருக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. இன்னும் மூன்றைத் தூக்க வேண்டும். வழியை விடு!"

பூனை குட்டியைக் கவ்விச் சென்றது. குட்டி கால்களை மடக்கி, தொங்கியபடியே உறங்கியது. மருதி அதை நெடுநேரம் பார்த்திருந்தாள். 'பூனையாய்ப் பிறந்திருந்தால் இந்த ஏக்கமே இருந்திராது. நான் குரங்கல்லவா? இருக்கத்தான் செய்யும்' என்று எண்ணினாள். பிறகு கொழுந்தை மார்போடு அணைத்து, மூன்று காலால் தரையில் நடந்தாள். வெகுதொலைவில் பாறைகள் தலைகாட்டும் துறையைக் கண்டு ஆற்றைக் கடந்தாள்.

அவள் அத்தி மரத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தாழ்ந்த கிளையில் ஒரே ஒரு கொத்து எஞ்சியிருந்தது. அதன் அருகில் கோங்கி எவரையும் அண்டவிடாமல் அமர்ந்திருந்தாள்.

"அண்ணி, நான் சொன்னதைக் கேட்டுக் கையை விட்டாயே..."

"விட்டேன். இனி விடமாட்டேன்."

கோங்கி தலை குனிந்தாள். "நாளை நானும் தரைவழியே வருகிறேன். செந்நாய் வந்தால் குரல் கொடுக்க ஒருத்தி வேண்டாமா?"

மருதி பழத்தை மென்று கொழுந்தின் வாயில் ஊட்டினாள். தலைக்கு மேலே ஓர் இளந்தாய் இரு கைகளையும் வீசித் தாவினாள். மருதியின் வயிறு ஒருகணம் குறுகுறுத்தது. அவள் கை மகனை இன்னும் இறுக அணைத்தது.

பெற்றோரே, பிள்ளை வேறுவிதமாய் இருந்திருக்கலாமே என்னும் ஏக்கம் நெஞ்சில் ஓர் ஓரமாய் இருந்துவிட்டுப் போகட்டும்; கைகள் மட்டும், கண்முன் இருக்கும் பிள்ளையை அவன் இருக்கும் வண்ணமே ஏந்திக்கொள்ளட்டும்.